கினந்தி சொன்ன ஒரு 'இல்லை'

இல்லை என்று சொல்வதற்கென்றே ஒருத்திக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், அதுவும் ஜாவாத் தீவில், எங்கள் யோக்யாவில் கொடுக்கிறார்கள் என்றால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். எங்கள் ஊரில் அந்தச் சொல் அகராதியில் இருக்கிறது, வாயில்தான் வராது. பக்கத்து வீட்டுக்காரர் ஏணி கேட்டு வந்தால், ஏணி நாலு துண்டாக உடைந்து கிடந்தாலும் "இருங்க, தேடிப் பார்க்கிறேன்" என்போம். அவரும் விஷயத்தைப் புரிந்துகொண்டு, சூடாக ஒரு தேநீர் குடித்துவிட்டு, ஏணி இல்லாமலே சந்தோஷமாக வீடு திரும்புவார். இப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த கினந்திக்குத்தான் அந்த வேலை வாய்த்தது.

காலியுராங் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாமரம் நிற்கும் வாடகை வீட்டில், மென்பொருள் கம்பெனி ஒன்று நடக்கிறது. அதில் கினந்தி ப்ராடக்ட் ஓனர். பெயரைக் கேட்டு முதலாளி என்று நினைத்துவிடக் கூடாது. செயலியைப் பயன்படுத்தப் போகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று விசாரித்து வந்து, அதைச் சின்னச் சின்னக் கதைகளாக அட்டையில் எழுத வேண்டும். 'இன்னாராக, எனக்கு இன்னது வேண்டும், ஏனென்றால் இன்னது' என்பதுதான் கதை. அந்த அட்டைகளை எதற்குப் பின் எது என்று வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்ட வேண்டும். காத்திருக்கும் அந்த வரிசைக்கு ஆபீசில் பேக்லாக் என்று பெயர். மேலே இருப்பதைப் புரோகிராமர்கள் முதலில் எடுத்துச் செய்வார்கள், கீழே இருப்பது கிடக்கும்.

அவளுடைய அம்மாவுக்கு இந்த வேலை இன்றுவரை விளங்கவில்லை. மாதச் சீட்டுக்குக் கூடும் பெண்களிடம் பெருமை பேசப் போய் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டாள்.

"என் பொண்ணு கதை எழுதறா."

"அப்படியா! எந்தப் பத்திரிகையில வருது?"

"பத்திரிகையில இல்ல, ஆபீஸ்ல எழுதறா."

"ஆபீஸ்ல உக்காந்து கதை எழுதினா வேலைய விட்டுத் தூக்க மாட்டாங்களா?"

அன்றிலிருந்து அம்மா அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

கினந்தி அந்தக் கம்பெனியில் முதலில் தொலைபேசியில் புகார் கேட்கும் பெண்ணாகத்தான் சேர்ந்தாள். திட்டுகிறவர்கள் திட்டி ஓயும்வரை ஊம் கொட்டிக்கொண்டே இருப்பாள். ஓய்ந்ததும், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள். அவ்வளவுதான், எதிர்முனையில் இருப்பவர் மனதில் கிடப்பதையெல்லாம் கொட்டிவிடுவார். எந்தப் பொத்தான் எங்கே இருப்பதால் யாருக்கு எரிச்சல் வருகிறது என்று கம்பெனியில் வேறு யாருக்கும் தெரியாதது இவளுக்குத் தெரிந்துபோனது. முதலாளி பாக் ஹாந்தொகோ அதைக் கவனித்துத்தான் அவள் கையில் அட்டையைக் கொடுத்தார். எங்கள் ஊரில் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், பெரியவர் என்றால் பாக், அம்மாள் என்றால் இபு, அக்கா என்றால் ம்பாக், அண்ணன் என்றால் மாஸ்.

அவள் எழுதும் அட்டைகளும் அப்படித்தான் இருக்கும். 'கூடாரம் வாடகைக்கு விடுகிறவளாக, ஒரே தேதிக்கு இரண்டு வீட்டார் கேட்டால் எனக்கு உடனே தெரிய வேண்டும், ஏனென்றால் போன வருஷம் இரண்டு கல்யாணத்துக்கு ஒரே கூடாரத்தை ஒப்புக்கொண்டு, சம்பந்திகள் முன்னால் தலை குனிந்து நின்றது ஆயுசுக்கும் போதும்.' பாக் ஹாந்தொகோ படித்துவிட்டுப் பெருமூச்சு விடுவார். "ம்பாக் கினந்தி, 'ஏனென்றால்'-க்கு அப்புறம் இவ்வளவு கண்ணீர் வேண்டாமே?" என்பார். ஆனால் புரோகிராமர்களுக்கு அந்தக் கண்ணீர்தான் பிடிக்கும். யாருக்காகச் செய்கிறோம் என்று தெரிந்தால் கை தானாக ஓடும் என்பார்கள்.

இனி, 'இல்லை' என்று சொல்லும் கதைக்கு வருகிறேன். சுவரில் ஓர் அட்டை மேலே ஏறினால் இன்னொன்று கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கிய அட்டைக்குச் சொந்தக்காரரிடம் யார் போய்ச் சொல்வது? கினந்திதான். அவள் அதை வாயால் சொன்னதே இல்லை. காலையில் சந்தையில் நின்று க்ளெபோன் வாங்கி வருவாள், கடித்தால் உள்ளிருந்து வெல்லப்பாகு தெறிக்கும் பச்சை உருண்டைகள். அதைத் தட்டில் வைத்து, சம்பந்தப்பட்டவர் மேசையில் கொண்டுபோய் வைத்து, குழந்தைகள் சௌக்கியமா என்று விசாரித்துவிட்டுத் திரும்பிவிடுவாள். அவர் தட்டைப் பார்ப்பார், சுவரைப் பார்ப்பார், ஓர் உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். விஷயம் முடிந்தது. இப்படியே பல வருஷம் ஓட்டினாள், ஒருத்தர் மனமும் நோகவில்லை.

இன்னொரு ஏற்பாடும் அவளுடையதுதான். ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று எல்லோரும் சேர்ந்து எண் சொல்லி மதிப்பிட வேண்டும். சின்ன எண் என்றால் சீக்கிரம் முடியும், பெரிய எண் என்றால் நாளாகும். ஆனால் எங்கள் ஊரில் இதை எப்படிச் செய்வது? எல்லோரும் வயதில் மூத்த பாக் தர்சோவின் முகத்தையே பார்ப்பார்கள். அவர் மூன்று என்றால் எல்லோரும் மூன்று. ஒருமுறை அவர் கொட்டாவி விட்டபடி மூன்று என்று சொல்லி, எல்லோரும் பயபக்தியோடு மூன்று என்று சொல்லி, அந்த வேலை மழைக்காலம் முடியும்வரை இழுத்தது. அதற்குப் பிறகுதான் கினந்தி தேநீர் முறையைக் கொண்டுவந்தாள். ஆளுக்கொரு துண்டுக் காகிதத்தில் எண்ணை எழுதித் தன் தேநீர்க் குவளைக்கு அடியில் வைத்துவிட வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் குவளையைத் தூக்க வேண்டும். யாரும் யாரையும் எதிர்க்கவில்லை, தேநீர் குடித்தார்கள், அவ்வளவுதான். மூத்தவருக்கும் மரியாதை, உண்மைக்கும் மரியாதை.

அந்த முறை ஒருநாள் கேக்கின் முன்னால் படுத்துவிட்டது.

கல்யாணக் கூடாரம், நாற்காலி, தட்டு எல்லாம் வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கும் செயலிதான் அந்த வருஷத்துப் பெரிய வேலை. வாடிக்கையாளர் இபு தியுர்மா, சுமத்ராவில் மேடானில் பிறந்த பாத்தாக் இனத்துப் பெண்மணி, ஜகார்த்தாவில் தொழில். எங்களுக்கு வாசல்படியில் நின்று தயங்கினால்தான் மரியாதை, அந்த ஊர்க்காரர்களுக்குக் கதவைத் திறந்துகொண்டு வந்து பேசினால்தான் மரியாதை. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற அம்மாள். எப்போதும் வீடியோ அழைப்பில்தான் வருவார். அன்று நேரிலேயே விமானம் ஏறி வந்துவிட்டார், கையில் மேடான் மஞ்சள் கேக் மூன்று பெட்டிகளோடு.

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க! அப்புறம் பேசலாம்" என்று தன் கையாலேயே வெட்டி ஒவ்வொருவர் தட்டிலும் வைத்தார். எல்லோர் வாயிலும் கேக் இருக்கும்போது கேட்டார்: "கல்யாண சீசன் பெசார் மாசம் ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி எல்லாம் வேணும். முக்கியமா லாரி. கூடாரம் ஏத்தின லாரி எங்க வருதுன்னு போன்ல தெரியணும். அதுதான் என் ஆசை. முடியுமா?"

லாரி வேலை செனோவினுடையது. முப்பது வயதுகூட ஆகாத, அதிர்ந்து பேசாத பையன். லாரிகளில் கருவி பொருத்தி, அதைச் செயலியோடு இணைத்து, பெசார் பிறக்கும் வாரம் முழுக்க செமாராங்கில் இபு தியுர்மாவின் கிடங்கிலேயே இருந்து சரிபார்க்க வேண்டும். வேறு யாருக்கும் அந்த வித்தை தெரியாது.

துண்டுகள் குவளைக்கு அடியில் போயின. குவளைகள் தூக்கப்பட்டன. எல்லாம் சின்ன எண்கள். பாக் தர்சோவும் சின்ன எண், செனோவும் சின்ன எண். வீடு தேடி வந்த விருந்தாளி, அவர் கேக் தொண்டையில் இறங்கிக்கொண்டிருக்கிறது, எந்த முகத்தோடு பெரிய எண்ணை எழுதுவார்கள்? இது வேறு எந்த ஊர்க்காரரும் செய்யாத முட்டாள்தனம் என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். இத்தனை வேலையும் பெசாருக்குள் முடியாது என்று கினந்திக்குத் தெரியும். ஆனால் அவள் வாயிலும் கேக் இருந்தது.

"ஆகட்டும் இபு" என்றாள்.

*

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கினந்தி ஒரு பாத்திரம் நிறையப் பலாக்காய் கூடெக் சமைத்து எடுத்துக்கொண்டு செனோ வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி ராத்ரிக்கு நிறைமாதம். ஏழாம் மாதச் சடங்கில் கினந்தியும் ஒரு குடம் பூத்தண்ணீர் ஊற்றியிருந்தாள்.

செனோ மூலையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தான், ஞாயிற்றுக்கிழமையும் லாரிதான். ராத்ரி மெதுவாக எழுந்து தேநீர் கொண்டுவந்தாள். அலமாரியின் மேல் புது மண்சட்டி ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது, பக்கத்தில் மடித்த வெள்ளைத் துணி. கினந்திக்குப் பார்த்ததும் தெரிந்தது. நஞ்சுக்கொடிக்கான சட்டி.

எங்களுக்கு அது வெட்டி எறிகிற பொருள் அல்ல. குழந்தையோடு கூடப் பிறந்த தம்பி. அப்பாதான் அதைத் தன் கையால் கழுவி, வெள்ளைத் துணி சுற்றி, சட்டியில் வைத்து, குழந்தையைத் தூக்குவது போலத் தூளித்துணியில் ஏந்தி, குடை பிடித்து, நிலைவாசல் அருகில் புதைப்பார். ஆண் என்றால் வலப்பக்கம், பெண் என்றால் இடப்பக்கம். குழந்தை பயப்படாமல் இருக்க அங்கே விளக்கும் எரியும். கினந்தியின் தம்பி அவள் அம்மா வீட்டு வாசலுக்கு இடப்பக்கம் இருக்கிறது. மழையே இல்லாத நாளில் குடை பிடித்துக்கொண்டு அவள் அப்பா தேம்பித் தேம்பி அழுததை அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பாள். அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. இருந்தாலும் அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் கினந்திக்கு யாரோ தன்னைத் தூக்கி வைத்திருப்பது போல இருக்கும்.

"சட்டி நல்லா இருக்கே செனோ. வாசல்ல இடம் பார்த்துட்டியா?" என்று கேட்டாள்.

செனோ திரும்பாமலே சிரித்தான். "பார்த்தாச்சு ம்பாக். ராத்ரியோட மாமா வந்து செஞ்சு குடுப்பாரு."

"மாமாவா? நீ எங்க போற?"

"அந்த வாரம் நான் செமாராங்ல இருப்பேன்ல. பரவால்ல ம்பாக். யாரு கையால செஞ்சா என்ன?"

கினந்தி தேநீரைக் கீழே வைத்தாள். டாக்டர் சொன்ன நாளும் பெசார் மாதமும் ஒன்றாக வருவதை அவள் யோசிக்கவே இல்லை. ஊரில் இருக்கும் அத்தனை பேருக்கும் என்ன வேண்டும் என்று விசாரிக்கிறவளுக்குப் பக்கத்து மேசைக்காரனுக்கு என்ன வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை.

செனோ கழிப்பறைக்கு எழுந்து போனதும் ராத்ரி தாழ்ந்த குரலில் சொன்னாள். "பரவால்லன்னு சும்மா சொல்றாரு ம்பாக். இவரு பொறந்தப்ப இவங்கப்பா ஊர்ல இல்லயாம். சுமத்ராவுக்கு லாரி ஓட்டிட்டுப் போயிருந்தாராம். யாரோ பக்கத்து வீட்டுக்காரருதான் புதைச்சாராம். 'எந்த இடத்துலன்னுகூட எங்கப்பாவுக்குத் தெரியாது'ம்பாரு. கல்யாணம் ஆன மாசமே எங்கிட்டச் சொன்னாரு, 'நம்ம குழந்தைக்கு நான்தான் செய்வேன், ஒருத்தரையும் தொட விடமாட்டேன்'னு."

"இத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"எப்படிச் சொல்லுவாரு? நீங்க ஆகட்டும்னு சொல்லிட்டீங்களே. உங்க பேச்சை இவரு எப்படித் தள்ளுவாரு?"

அவள் குத்திக்காட்டவில்லை, இயல்பாகத்தான் சொன்னாள். அதனால் இன்னும் சுட்டது.

*

மறுநாள் கினந்தி சுவர் முன்னால் நின்றாள். அத்தனை அட்டைகளும் அவள் கையெழுத்து. செனோவின் லாரி அட்டை உச்சியில் இருந்தது. அதை எடுத்துப் படித்தாள்: 'கூடாரம் வாடகைக்கு விடுகிறவளாக, லாரி எங்கே வருகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால்...' ஏனென்றாலுக்கு அப்புறம் ஒன்றும் இல்லை. இபு தியுர்மாவின் ஆசை என்பதால் அன்று அப்படியே எழுதிவிட்டாள். கண்ணீர் இல்லாத ஒரே அட்டை அதுதான்.

மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு பாந்துலுக்குப் போனாள். அங்கே கூடாரம் வாடகைக்கு விடும் இபு பர்தி, முற்றத்தில் நாற்காலி உறைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"லாரி எங்க வருதுன்னு போன்ல தெரிஞ்சா உங்களுக்கு நல்லா இருக்கும்ல இபு?"

"எனக்கெதுக்கு? லாரி ஓட்டறது என் மாப்பிள்ளை. ரெண்டு திட்டு திட்டினா பறந்து வந்துருவான்" என்று இபு பர்தி சிரித்தாள். "தேதி அடிச்சுக்காம இருந்தாப் போதும் தாயி. அத முதல்ல குடுங்க."

தேதி அட்டை முடிந்துவிட்டது. கூடாரம், நாற்காலி, தட்டு எல்லாம் பெசாருக்குள் முடிந்துவிடும். லாரி ஒன்றைக் கீழே இறக்கினால் போதும், சீசன் முடிந்ததும் செய்துகொள்ளலாம். கல்யாணமே நடக்காத சூரோ மாதம் அடுத்து வருகிறது, லாரிகள் சும்மாதான் நிற்கும். அவள் மனம் பஞ்சாக லேசாகிவிட்டது. பாதி வழியில்தான் மிச்சம் நினைவுக்கு வந்தது. அட்டையை இறக்கிவிடலாம், இபு தியுர்மாவிடம் யார் சொல்வது? அந்த அம்மாளுக்கு ஒரு கூடை க்ளெபோன் அனுப்பினாலும் மொத்தத்தையும் தின்றுவிட்டு, "நல்லா இருந்துச்சு, லாரி என்னாச்சு?" என்றுதான் கேட்பார்.

பாக் ஹாந்தொகோவிடம் போனாள். அவர் கேட்டுவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"மாஸ் செனோ வாயைத் திறந்து லீவு கேட்டானா?"

"கேக்கல பாக்."

"கேக்காதப்ப நாம எதுக்கு..." என்று மென்று முழுங்கினார். "இபு தியுர்மா அடுத்த வாரம் நேர்லயே வர்றாங்க. பக்குவமா ஏதாவது சொல்லிப் பாருங்க. மனசு நோகாம."

*

இபு தியுர்மா வந்தார், மறுபடியும் கேக் பெட்டிகளோடு. மறுபடியும் தன் கையாலேயே வெட்டி எல்லோருக்கும் வைத்தார். எல்லோரும் எடுத்தார்கள். கினந்தி எடுக்கவில்லை.

எங்கள் ஊரில் பரிமாறியதைத் தொடாமல் உட்கார்ந்திருப்பது கையை ஓங்குவதற்குச் சமம். பாக் ஹாந்தொகோ தட்டை அவள் பக்கம் மெதுவாகத் தள்ளினார். அவள் அசையவில்லை. பாக் தர்சோ இருமினார். செனோ தலை நிமிரவே இல்லை.

"ஏம்மா, கேக் பிடிக்கலையா?" என்றார் இபு தியுர்மா.

"பேசிட்டுச் சாப்பிடறேன் இபு." கினந்தி தட்டை ஓரமாக நகர்த்தினாள். "அது வந்து, லாரி விஷயம்... அருமையான யோசனை. செமாராங் வேற தூரம். மழை எப்படியோ... கருவியெல்லாம் வந்து சேர..."

"சுத்தி வளைக்காத. லாரி உண்டா, இல்லையா?"

மாமரத்தில் ஏதோ பறவை கத்தியது. கினந்தி மண்சட்டியை நினைத்தாள். குடை பிடித்து அழுத அப்பாவை நினைத்தாள்.

"இல்லை" என்றாள்.

அடடா, அந்தச் சொல் அந்த அறையில் விழுந்த விதம்! பாக் ஹாந்தொகோ கண்ணை மூடிக்கொண்டார். ஒருவரும் மெல்லவில்லை, விழுங்கவில்லை. அவளுக்கே தன் குரல்தானா என்று சந்தேகம் வந்துவிட்டது.

"கூடாரம், நாற்காலி, தேதி எல்லாம் பெசாருக்கு முன்னாடி தந்துடறோம் இபு. லாரி மட்டும் சூரோ மாசத்துலதான்."

"யாரால முடியாது? லாரி யாரோட வேலை?" இபு தியுர்மாவின் கண்கள் மேசையைச் சுற்றி வந்தன. செனோவின் காது மடல் சிவந்துவிட்டது. அவன் வாயைத் திறக்கப் போகிறான் என்று கினந்திக்குத் தெரிந்தது. திறந்தால், முடியும் என்றுதான் சொல்வான்.

"என்னாலதான் இபு" என்று முந்திக்கொண்டாள். "வரிசை போட்டது நான். நான் போட்ட கணக்கு தப்பு."

"அன்னிக்கு ஆகட்டும்னு நீதானே சொன்ன?"

"அது பொய். நீங்க விருந்தாளி, மனசு நோகக் கூடாதுன்னு சொன்ன பொய்."

"எங்க ஊர்ல பொய் சொன்னாத்தாம்மா மனசு நோகும்!" இபு தியுர்மா மேசையைத் தட்டினார். "அந்த லாரிய நான் எத்தன பேருகிட்டச் சொல்லி வெச்சிருக்கேன் தெரியுமா? என் மூஞ்சிய எங்க கொண்டு போய் வெச்சுக்கறது?" இன்னும் நிறையச் சொன்னார். கினந்தி பழைய தொலைபேசிப் பெண்ணைப் போல ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். ஓய்ந்ததும் சாப்பிட்டீங்களா என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது, நல்லவேளை அடக்கிக்கொண்டாள்.

கடைசியில் அந்த அம்மாள் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "சரி, சூரோ மாசம். ஆனா பாக் ஹாந்தொகோ, இதுக்கப்புறம் என் வேலையில இந்தப் பொண்ணு வேண்டாம். கடைசிவரைக்கும் காத்திருந்து இல்லைங்கற ஆள் எனக்கு ஒத்துவராது."

அது நியாயம்தான். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியதை இத்தனை நாள் கழித்துச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? கினந்திக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அன்று சாயங்காலம் சுவரிலிருந்து லாரி அட்டையை எடுத்துக் கடைசியில் ஒட்டினாள். செனோ பின்னால் வந்து நின்றான். அவள் எட்ட முடியாத இன்னொரு அட்டையை எட்டி ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஒரு வாரம் கழித்துக் காலையில் அவள் வந்தபோது மேசைமேல் ஒரு பெட்டி பாக்பியா இருந்தது, பயற்றம் பூரணம் வைத்துச் சுட்டது, இன்னும் சூடாக. பாக் ஹாந்தொகோ எதிரே வந்து, "அம்மா சௌக்கியமா?" என்று விசாரித்துவிட்டுப் போய்விட்டார். கினந்தி பெட்டியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். கூடாரச் செயலியின் தலைப்பில் அவள் பெயர் இல்லை. மூலையில், யாரும் சீந்தாத மீனவர் சங்கச் செயலியின் தலைப்பில் இருந்தது. ஒரு பாக்பியாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அழுகை வந்தது உண்மை. அந்தக் கூடாரக்காரப் பெண்களையெல்லாம் அவள் சொந்தக்காரிகளைப் போலத்தான் நினைத்திருந்தாள்.

*

பெசார் பிறந்த வாரத்திலேயே குழந்தையும் பிறந்தது. தகவல் வந்ததும் கினந்தி முட்டையும் தேங்காயும் வாங்கிக்கொண்டு சாயங்காலம் போனாள். சந்து திரும்பும்போதே தெரிந்துவிட்டது, வாசலுக்கு இடப்பக்கம் கவிழ்த்த மூங்கில் கூடை, அதன் கண்கள் வழியே சின்ன விளக்கு வெளிச்சம். பெண் குழந்தை. கினந்தி செருப்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள்.

உள்ளே பாயில் ராத்ரி, மடியில் குழந்தை. செனோ சாதமும் தேங்காய்த்துருவல் பிசறிய கீரையும் தட்டில் போட்டு நீட்டினான். நகத்துக்குள் இன்னும் மண் இருந்தது. ராத்ரிதான் மூச்சுவிடாமல் சொன்னாள்.

"இவரு கழுவின கழுவு இருக்கே ம்பாக், செவிலியம்மாவே 'போதும்பா, தேய்ஞ்சிடப் போவுது'ன்னு சிரிச்சாங்க. பாக் தர்சோதான் வந்து குடை பிடிச்சாரு. குழந்தை பொறந்தப்ப அழாத மனுசன், குழியில இறக்கும்போது கேவிக் கேவி அழறாரு. படிப்பு வரணும்னு கூடவே பென்சிலும் காகிதமும் வைப்போம்ல? காகிதம் வைக்கப் போற நேரத்துல, இருங்க இருங்கன்னு உள்ள ஓடி, உங்க ஆபீஸ் அட்டை ஒண்ண எடுத்து, என்னவோ எழுதி வெச்சுட்டாரு. என்ன எழுதினீங்கன்னா சொல்ல மாட்டேங்கறாரு."

"ஐயோ, சும்மா இரு" என்றான் செனோ.

"என்ன எழுதின செனோ?" என்று கினந்தி கேட்டாள்.

அவள் கேட்டால் அவனால் தட்ட முடியாது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நம்ம அட்டை மாதிரியேதான் ம்பாக். 'இந்த வீட்டுப் பொண்ணாக, எனக்கு இல்லைன்னு சொல்ல வரணும், ஏன்னா...'"

"ஏன்னா?"

"'ஏன்னா, ஒரு ம்பாக் ஒரே ஒரு தடவை அப்படிச் சொன்னதாலதான் அன்னிக்கு எங்கப்பா வீட்டுல இருந்தாரு.'"

கினந்திக்குத் தட்டில் இருந்த சோறு தெரியவில்லை. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். மீனவர் சங்கமும் மேசைமேல் இருந்த பாக்பியாவும் எங்கோ போய்விட்டன. குழந்தை கொட்டாவி விட்டது, அதைப் பார்த்து மூன்று பேரும் சிரித்தார்கள்.

"சாப்பிடுங்க ம்பாக். இன்னும் கொஞ்சம் போடறேன்" என்று ராத்ரி உட்கார்ந்தபடியே கரண்டியை எடுத்தாள்.

கினந்தி அம்மா வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். ஒரு பருக்கைக்குக்கூட இடமில்லை. சொல்லிவிட வாயெடுத்தாள், வரவில்லை. தட்டை நீட்டினாள்.